அடியின் எண்ணிக்கையும் அச்சத்தின் அளவும்

(கண்டி, மஹய்யாவவில் நடைபெற்ற விவாத அரங்கின் முடிவில், தலைமை வகித்தவர் ஆற்றிய உரை)



“வன்செயலால் ஆண்கள் படும் துன்பத்தையும் பெண்கள் படும் துன்பத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது பால்பேதம் பாராட்டுவதாகும்” என்பது இன்று இவ்வரங்கில் வைக்கப்பட்ட பொருள். ஆமென்று மூவரும் அன்றென்று மூவருமாக இரண்டு மணி நேரம் வாதாடினர். முடிவு கூறும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருக்கின்றது. இத்தகைய கட்டத்தில், “இரு சாராரும் அழகாகப் பேசினர், இரண்டிலும் உண்மை உண்டு” என்று கூறி, போட்ட மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போவது நமது மேடைகளின் பழக்கம். பொருள் இலக்கியமாயிருந்தால் நாமும் அப்படியே செய்திருப்போம். சீதை உயர்ந்தவளா, கண்ணகி உயர்ந்தவளா என்ற வாதத்தில் எவர் தோற்றாலும் எவருக்கும் காயமில்லை. இன்றைய பொருள் அத்தகையதன்று. இதில் நாம் தவறான முடிவு கூறினால், நாளை இரவு எங்கோ ஒரு வீட்டில் அதன் பலனை அனுபவிப்பவர் இருப்பார்.

இவ்வூரையே எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பாதையில், நகரத்தை ஒட்டிக் கிடப்பது மஹய்யாவ. கண்டி மாநகரின் தெருக்களைக் கூட்டித் துப்புரவு செய்யும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்துவருகின்றன. வரிசை வீடுகளில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. இப்பக்கத்தில் அம்மி நகர்ந்தால் அப்பக்கத்தில் கேட்கும். அடி விழுந்தால் கேட்காமற் போகுமா? கேட்கின்றது. கேட்டவர் என்ன செய்கின்றார்? “புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கென்ன?” என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைக்கின்றார். அதே வீட்டு ஆண்மகனைத் தெருவில் நால்வர் சூழ்ந்து அடித்தால், உடுத்த உடையோடு ஊரே திரண்டு ஓடுகின்றது. இது மஹய்யாவவுக்கு மட்டும் உரிய குறையென்று இங்கு வந்திருக்கும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் எண்ணிவிட வேண்டாம். பங்களாக்களில் சுவர் தடிப்பாயிருப்பதால் சத்தம் வெளியே வருவதில்லை, வேறுபாடு அவ்வளவே.

முதலில் பேசிய தரப்பினர் எடுத்துவைத்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வலிக்கு எடை உண்டா என்று கேட்டனர். தராசின் ஒரு தட்டில் ஒருத்தியின் உடைந்த பல்லையும் மறுதட்டில் ஒருவனின் உடைந்த விலாவையும் வைத்து எதனைக் காண்பது என்று கேட்டனர். அவர்களுள் ஒரு பெண் கூறியது சபையையே அசைத்துவிட்டது: “ஒரு பெண் தன் காயத்தைக் காட்டும் போதெல்லாம், ‘ஆண்களுக்கும் அடி விழுகின்றதே’ என்கின்றீர்கள். ஓர் ஆண் தானே வந்து தன் காயத்தைக் காட்டினாலோ, ‘பெண்பிள்ளையிடமா அடி வாங்கினாய்?’ என்று சிரிக்கின்றீர்கள். ஆகவே உங்களுக்கு எவர் காயத்திலும் அக்கறையில்லை. வாயை அடைக்க ஒரு துணி வேண்டும், ஒப்பீடு அந்தத் துணி.” இதற்குக் கிடைத்த கைதட்டலில் ஆண்களின் கைகளும் கலந்திருந்ததை நாம் கவனித்தோம்.

அதே தரப்பில் நின்ற இளைஞரொருவர் வேறொரு பக்கத்தால் வந்தார். பெண்ணுக்கே துன்பம், பெண்ணுக்கே துன்பம் என்று ஓயாது கணக்குக் காட்டுவது ஆணை விலங்காகவும் பெண்ணைக் கைகால் அற்ற பதுமையாகவும் வரைந்துவிடுகின்றது. ஆகவே அதுவும் பேதமே என்றார். ஒரே தரப்பில் நின்று ஒருவரையொருவர் வெட்டிப் பேசியதை எதிர்த்தரப்பார் கவனிக்காமல் விட்டது நமக்கு வியப்பே.

மறுத்துப் பேசியோருள், மரக்கறித் தோட்டம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த தம்பி கூறியது இங்குள்ள விவசாயிகளுக்கு உடனே விளங்கியிருக்கும். ஒரு பாத்தியில் போஞ்சி பட்டுப்போய், பக்கத்துப் பாத்தியில் அது செழித்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தன்றோ நோய் மண்ணிலா, விதையிலா, நீரிலா என்று அறிகின்றோம்? ஒப்பிடாதே என்றால் நோயை அறியாதே என்றுதானே பொருள்? நல்ல கேள்வி. ஆனால் இரண்டு பாத்திகளையும் ஒப்பிடும்போது, செடிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிவிட்டு வீட்டுக்கு வருவோமா என்பதை அத்தம்பி சொல்லவில்லை. அந்த இடத்திலிருந்து நாம் தொடங்குவோம்.

உலகக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றச்செயல் அலுவலகம் 2023ஆம் ஆண்டின் கொலைகளைப் பற்றி வெளியிட்ட விபரம் இது. உலகில் வேண்டுமென்றே கொல்லப்பட்டோரில் நூற்றுக்கு 80 பேர் ஆண்கள். 20 பேரே பெண்கள். இதனோடு நிறுத்திக்கொண்டால், “ஐவரில் நால்வர் நாங்கள், எங்களுக்காக அழுவார் எவருமில்லை” என்று ஆண்கள் கூறலாம். கூறுகின்றார்கள். ஆனால் அதே ஏட்டின் அடுத்த வரி என்ன? கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியருமாகிய ஏறத்தாழ 85,000 பேரில் 51,100 பேர் தம் கணவனால், காதலனால், அல்லது சொந்தக் குடும்பத்தவரால் மாண்டனர். நூற்றுக்கு 60. கொல்லப்பட்ட ஆண்களில் அவ்வாறு வீட்டாரால் மாண்டோர் நூற்றுக்கு 12 அளவே. ஆணுக்கு யமன் பெரும்பாலும் தெருவில் நிற்கின்றான். பெண்ணுக்கு அவன் அடுப்படியில் நிற்கின்றான். இன்னுமொன்று: ஆணைக் கொன்றவனும் பெரும்பாலும் ஆணே.

இந்த மூன்று செய்திகளில் எந்த ஒன்றைத் தனியே எடுத்தாலும் அது மெய். ஆயினும் தனியே எடுத்த மெய் பொய்யின் வேலையைச் செய்யும். மூன்றையும் சேர்த்து வைப்பதற்குப் பெயர் ஒப்பீடு. அதனைச் செய்யாமல், தெருவிளக்கு எங்கே வேண்டும், பெண்களுக்கு அடைக்கலமனை எங்கே வேண்டும் என்று எந்த மாநகரசபை எப்படித் தீர்மானிக்கும்?

இவ்வாதம் நம்மிடையே புதிதாகப் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டில் அரை நூற்றாண்டாக நடந்துவருகின்றது. அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். ஏனெனில் நமது இளைஞர் இருதரப்பினரும் அறிந்தோ அறியாமலோ அங்கு பேசப்பட்டதையே இங்கும் பேசினர்.

முறே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெலஸ் என்னும் சமூகவியல் அறிஞர்கள் 1975ஆம் ஆண்டுக்கெனத் தேசிய ஆய்வொன்றை நடத்தினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் ஒரு பட்டியலை வைத்துக் கேட்டனர். கடந்த ஓராண்டில் உம் துணைவர்மீது எதையேனும் எறிந்தீரா, தள்ளினீரா, அறைந்தீரா, உதைத்தீரா, கத்தியைக் காட்டினீரா, எத்தனை முறை என்பன போன்ற கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது மனைவியர் அடித்த தொகையும் கணவர் அடித்த தொகையும் ஏறத்தாழச் சமமாயிருந்தன. ஆய்வாளர்களே திகைத்தனர். 1978இல் சுசான் ஸ்டைன்மெட்ஸ் என்பார் ‘அடிபடும் கணவர்’ என்றொரு கட்டுரையை வெளியிட்டார். பத்திரிகைகளுக்குச் சொல்லவேண்டுமா? நகைச்சுவைத் துணுக்கு ஒருபுறம், தலையங்கம் ஒருபுறம். பெண்களுக்கு மட்டும் அடைக்கலமனை எதற்கு என்ற கேள்வி உடனே கிளம்பிற்று.

எதிர்வாதமும் எழுந்தது. ரஸல் டொபாஷ், எமர்சன் டொபாஷ் என்னும் தம்பதியர் வேறிரு அறிஞரோடு சேர்ந்து 1992இல் எழுதிய கட்டுரையில், இந்தச் சமத்துவம் ஒரு மாயை என்றனர். அந்தப் பட்டியல் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்பதைப் பாருங்கள் என்றனர். முதலில் கை ஓங்கியவர் யார் என்று கேட்கவில்லை. தாக்கவா, தடுக்கவா என்று கேட்கவில்லை. அடிபட்டவர் எழுந்து சோறு சமைத்தாரா, வைத்தியசாலையிற் கிடந்தாரா என்று கேட்கவில்லை. அடி வாங்கியவருக்கு அச்சம் உண்டாயிற்றா, எரிச்சல் உண்டாயிற்றா என்றும் கேட்கவில்லை. கழுத்தைப் பிடிக்க வந்தவனின் கன்னத்தில் ஒருத்தி அறைந்தால், இருவர் கணக்கிலும் ஒவ்வொன்று. பேரேட்டில் இரண்டு பக்கமும் சரி!

இங்குள்ள கணக்காளர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் சரியாய் வருவதால் மட்டும் கணக்கு நேர்மையானதாகிவிடாது.

அதற்காக, ஸ்ட்ராஸ் பொய் கூறினார் என்று கொள்வதும் தவறே. 2000ஆம் ஆண்டில் ஜோன் ஆர்ச்சர் என்னும் ஆங்கில உளவியலாளர் அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளை ஒருங்குசேர்த்துக் கணித்தார். கை ஓங்குவதில் பெண்கள் சிறிதளவு முந்தியே நின்றனர். ஆனால் காயமுற்றோரில் நூற்றுக்கு 62 பேர் பெண்கள். அதாவது 38 பேர் ஆண்கள். இந்த 38ஐ எவரும் மறைக்கவேண்டியதில்லை. மறைப்பவர் பெண்ணுக்கு நன்மை செய்யவுமில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மைக்கேல் ஜோன்சன் என்பவர் என்றே நாம் கருதுகின்றோம். 1995இல் அவர் கூறியது இது. வீட்டு வன்செயல் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது ஒன்றன்று, இரண்டு. கடன், பிள்ளைகள், மாமியார், குடி என்று ஏதோவொன்றால் வாக்குவாதம் முற்றி இருவரும் கைநீட்டிவிடுவது ஒன்று. அதில் இருபாலாரும் ஏறத்தாழச் சமமே. மற்றது ஆட்சி. ஒருவரை மற்றொருவர் அடக்கி ஆளுவதற்கு அடியை ஒரு கருவியாகக் கைக்கொள்வது. தாய்வீட்டுக்குப் போகாதே, சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடு, யாரோடு பேசினாய், தொலைபேசியைக் காட்டு; இத்தனைக்கும் நடுவே ஓர் அடி. அந்த ஓர் அடி ஆண்டுக்கு ஒருமுறை விழுந்தாற் போதும். மற்ற 364 நாட்களும் அதன் நிழல் விழுந்துகொண்டேயிருக்கும். இந்த இரண்டாம் வகையில் அடிப்போர் பெரும்பாலும் ஆண்களே என்றார் அவர். வீடு வீடாகச் சென்று வினவுவோர் கண்ணிற் படுவது முதல்வகை; அடைக்கலமனையின் கதவைத் தட்டுவது இரண்டாம் வகை. யானையைத் தடவியவர்கள் சண்டையிட்ட கதைதான்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடளாவிய ஆய்வொன்றை முதன்முறையாக நடத்தியது. துணைவரோடு வாழ்ந்த, அல்லது வாழ்ந்திருந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர் தம் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்செயலுக்கு ஆளாகியிருந்தனர். ஐவரில் ஒருத்தி. உடல்ரீதியான தாக்குதலை மட்டும் எடுத்துக்கொண்டால், துணைவரால் தாக்கப்பட்டோர் 17.4, ஏனையோரால் தாக்கப்பட்டோர் 7.2. அந்நியனைக் கண்டால் ஒதுங்கி நட என்று பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் நாம் இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதிவைக்கலாம்.

“பெண்களிடம் மட்டும் கேட்டால் ஒருதலைக் கணக்காகாதா?” என்று மறுதரப்புத் தம்பி எழுந்து வினவினார். நியாயமான வினா. ஆண்களிடமும் கேட்டிருக்கின்றார்கள் என்பதே விடை. கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆண்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஆசிய, பசிபிக் நாடுகள் ஆறில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பெற்ற பேராய்வின் இலங்கைப் பகுதி அது. நுவரெலியா மாவட்டமும் அதில் அடங்கியதால் மலையக ஆண்மக்களும் விடையளித்தோரில் சேர்ந்தனர் என்று கொள்ளலாம். ஏறத்தாழ மூவரில் ஒருவர், ஆம், துணைவியை அடித்தோம் அல்லது பலவந்தப்படுத்தினோம் என்று தம் வாயாலேயே கூறினர். பெண்கள் மிகைப்படுத்துகின்றனர் என்போர் இந்தக் கணக்கை எங்கே கொண்டுபோய் ஒளிப்பர்? ஐவரில் ஒருத்தி என்று பெண்கள் கூறினர். மூவரில் ஒருவன் என்று ஆண்கள் கூறினர். கேள்வியும் காலமும் இடமும் வேறாகையால் இரண்டையும் நேருக்குநேர் நிறுத்துவது முறையன்று. ஆயினும் குறைத்துக் கூறுவோர் பெண்களாகவே இருக்கக்கூடும் என்று ஐயுற இடமுண்டு.

அதே பேராய்வு ஆண்களிடம் வேறொன்றையும் கேட்டது: சிறுவயதில் உமக்கு என்ன நேர்ந்தது? வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்கள், தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள், பின்னாளில் தாமும் கைநீட்டுவது கூடுதலாயிருந்தது. அடிக்கும் கையின் வரலாற்றை அறியவேண்டுமாயின் அந்தக் கை சிறிதாயிருந்த காலத்தில் யார் அதை முறுக்கினார் என்று கேட்கவேண்டும். அவனுக்கு விழுந்த அடியைச் சொல்வது அவன் அடித்ததற்கு மன்னிப்பாகாது. சொல்லாமல் விட்டால் அவன் மகனும் அவ்வாறே வளர்வான்.

மலையகத்தின் கதை இதனோடு பின்னிக் கிடக்கின்றது. பிரட்டுக் களத்தில் கங்காணியின் கம்பும் துரையின் சப்பாத்தும் ஆண்மீதும் பெண்மீதும் விழுந்தன. அந்த ஆண் மாலையில் லயத்துக்குத் திரும்பியபோது, அவனுக்குக் கீழே ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கீழே எவருமில்லை. ஒரே மலையில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு 1984 வரை நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவு. அந்தக் குறைந்த கூலியையும் கணவனோ தகப்பனோ சென்று கையேந்தி வாங்கிய வழக்கத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். கையிற் காசில்லாதவள் அடித்த வீட்டைவிட்டு எங்கே போவாள்? அடியை ஒப்பிடுவோர் இதனையும் ஒப்பிடவேண்டும். வெளியேறும் வாசல் ஒருவருக்குத் திறந்தும் மற்றவருக்கு அடைத்தும் கிடக்கும்போது, உள்ளே விழும் அடிகள் இரண்டும் ஒன்றாகா.

நாம் தியாகிகளாகப் போற்றுகின்றவர்களை எண்ணுங்கள். 1940 சனவரியில் இதே கண்டிப் பகுதியில், ஹேவாஹெட்டையை அடுத்த முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். இவர்களை நாம் வணங்குகின்றோம், என்றும் வணங்குவோம். அதே ஆண்டுகளில், அதே லயங்களில், கணவனின் கையால் மாண்ட பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களது பெயர் எந்தச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றது? இங்கே மஹய்யாவ மயானத்தில் எத்தனை கல்லறைகள்! பிறந்த தேதியும் இறந்த தேதியும் உண்டு. எதனால் இறந்தார் என்பதைக் கல் சொல்வதில்லை. ஆணின் சாவு வரலாறாகின்றது. பெண்ணின் சாவு குடும்ப விஷயமாகின்றது. இதைக் கண்டுபிடிப்பதற்கும் இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியே இருந்தது.

ஆனால் தட்டு எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. போர்க்காலத்தை எண்ணிப் பாருங்கள். காணாமலாக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் ஆண்கள். 2017 பெப்ரவரியிலிருந்து வன்னியில் வீதியோரத்தில் கொட்டகை போட்டு, அவர்களின் படங்களை ஏந்தி அமர்ந்தோரிற் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவியரும். இதில் எவர் துன்பம் பெரிது என்று கேட்பவனை அந்தக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, தடுப்புக்காவலில் பாலியல் கொடுமைக்கு உள்ளான தமிழர் 75 பேரின் விபரங்களைத் தொகுத்தது. அவர்களுள் 41 பேர் பெண்கள், 31 பேர் ஆண்கள், மூவர் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர். இந்த 31 பேரின் துன்பத்தை நாம் எந்த மேடையில் பேசினோம்? “தமிழ்ப் பெண்களின் மானம்” என்று முழங்கினோம். பெண்ணுக்கு மானம் போயிற்று என்று முழங்கியது அவளை இருமுறை வதைத்தது. ஆணுக்கு நேர்ந்ததைப் பற்றி வாயே திறவாதது அவனை இருட்டறையில் வைத்துப் பூட்டியது. இரண்டும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு கைகள்: ஆண் என்றால் அடிபட மாட்டான், பெண் என்றால் அடிபடப் பிறந்தவள்.

சட்டமும் இந்த மூடத்தனத்துக்குத் துணைநின்றது. நமது தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண், பெண் இருபாலாரையும் காப்பதாக எழுதப்பட்டது. நன்று. ஆனால் வன்புணர்வு என்னும் குற்றத்துக்குப் பெண் ஒருத்தி மட்டுமே ஆளாகலாம் என்ற வரைவிலக்கணம் நிலைத்தது. அவளும், நீதிமன்றத்தின் கட்டளையால் பிரிந்து வாழ்ந்தாலன்றிக் கணவன்மீது அக்குற்றத்தைச் சாட்ட இயலாது என்றாக்கினர். ஆணுக்கு உடன்பாடில்லாமை என்பதே இல்லை, மனைவிக்கும் இல்லை! ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கும் பழைய பிரிவும் உடனிருந்தது. ஆகையால், கெடுக்கப்பட்ட ஆண் முறையிடப் போனால் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற நேருமோ என்று அஞ்சினான்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட பேரறிக்கையில், ஒருவர் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்வதையும் வன்செயலில் ஒரு வகையாகவே சேர்த்தது. 1995இல் நமது நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அது ஒன்று. மாண்டோரிற் பெரும்பாலோர் ஆண்கள். கொடிய பூச்சிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. நஞ்சு கைக்கெட்டாததால் உயிர்கள் தப்பின. ஆனால் கடனும் விளைச்சல் நட்டமும் நெஞ்சை அழுத்தும்போது, மனைவியிடமோ அயலாரிடமோ வைத்தியரிடமோ வாய்திறந்து சொல்லாத ஆண்மகனின் பழக்கம் மாறவில்லை. அழுகின்றவன் ஆணல்லன் என்று நாம் அவனுக்குச் சிறுவயதிலேயே கற்பித்துவிட்டோம். மனைவியை அடிப்பதும் அதே பாடத்தின் வேறோர் அத்தியாயமே.

இனி முடிவு. பொருள் தோற்றது. ஒப்பிடுவது பால்பேதமன்று. ஆனால் வென்ற தரப்பினர் மகிழ்வதற்கு முன் எஞ்சியதையும் கேட்கட்டும். ஒப்பீட்டுக்கு உரிய இடங்கள் உண்டு: ஆய்வு மேசை, பாராளுமன்றம், மாநகரசபையின் வரவு செலவுத் திட்டம், சட்டம் வரையும் அறை, பத்திரிகைப் பக்கம். அங்கே ஒப்பிட மறுப்பவர் உண்மையைக் கண்டு அஞ்சுகின்றார். வாயில் இரத்தத்தோடு ஒருவர் வந்து நிற்கும் வாசற்படி அத்தகைய இடமன்று. அங்கே “மற்றவர்களுக்கும்தானே” என்று தொடங்குகின்றவர் எந்தக் கணக்கையும் கூறவில்லை, கதவைச் சாத்துகின்றார். வந்து நிற்பவர் பெண்ணாயினும் ஆணாயினும் இதுவே நமது தீர்ப்பு. முதல் தரப்பின் அந்தச் சகோதரி வாதத்தில் தோற்றாலும், சுட்டிய குற்றம் மெய்யே. அதனால் பரிசை அவருக்கே வழங்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஓர் இளைஞர் சீட்டெழுதி அனுப்பியிருக்கின்றார். பெயரில்லை. “அடி வாங்கும் ஆண் எங்கே போவது?” என்று ஒரே வரி. இதனை நகைச்சுவையென்று எண்ணி எவரும் சிரிக்கவேண்டாம். 2005ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு வன்முறைக்கெதிராகச் சட்டங்கள் பிறந்தன. இந்தியாவின் சட்டம் பெண்களைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. நமது 34ஆம் இலக்கச் சட்டமோ பெண் என்றும் ஆண் என்றும் பிரிக்காமல், இன்னலுற்றவர் எவராயினும் வரலாம் என்று எழுதப்பட்டது. கணவன் வரலாம், மனைவி வரலாம், பெற்ற பிள்ளையிடம் அடிபடும் தாய் தந்தையர் வரலாம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யவேண்டும். தாமாகவும் செய்யலாம், பொலிஸ் உத்தியோகத்தர் மூலமும் செய்யலாம். தேவையெனக் கண்டால் நீதவான் உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். விசாரணையைப் பதினான்கு நாட்களுக்குள் குறிக்கவேண்டும். விசாரித்தபின் வழங்கும் கட்டளை பன்னிரண்டு மாதம்வரை செல்லும். உடலில் விழும் அடி மட்டுமன்று, உள்ளத்தை நொறுக்கும் கொடுமையும் அச்சட்டத்துள் அடங்கும். “சமாதானமாய்ப் போங்கள், குடும்பம் என்றால் அப்படித்தான்” என்று எவரேனும் திருப்பியனுப்பினால், அச்சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் அவரிடம் சொல்லுங்கள்.

இங்கு வந்துள்ள சட்டத்தரணிகளுள் இருவர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஹய்யாவவுக்கு வந்து, கட்டணமின்றி விண்ணப்பம் எழுதிக் கொடுக்க இசைந்திருக்கின்றனர். பெண்களுக்கு வேறு அறை, ஆண்களுக்கு வேறு அறை என்று ஒழுங்கு செய்திருக்கின்றார்கள். சீட்டெழுதிய இளைஞர் பெயர் சொல்லாமலே வரலாம்.